பத்துத் தொழில் பார்த்த மார்க் ட்வைன்

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்ட மாட்டான் என்பது பழமொழி. ஒரு வேலையில் நிலைத்து நிற்காமல், வேலைக்கு வேலை தாவுகிறவர்களைப் பார்த்துப் பெரியவர்கள் இப்படிச் சொல்வது உண்டு.

அமெரிக்காவில் ஒருவர் இருந்தார். அவர் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தார். ஆற்றில் கப்பல் ஓட்டினார். இரண்டு வாரம் சிப்பாயாக இருந்தார். வெள்ளிச் சுரங்கம் தோண்டினார். ஆலையில் மண் அள்ளினார். பத்திரிகை நிருபர் ஆனார். மேடை ஏறிப் பேசினார். பத்திரிகை ஒன்றில் பங்குதாரர் ஆனார். புத்தகங்கள் எழுதினார். புத்தகக் கம்பெனியும் நடத்தினார்.

மொத்தம் பத்துத் தொழில்!

மற்றவர்கள் ஓய்வு பெற்று, பேரன் பேத்திகளோடு பொழுது போக்கும் வயதில் அவருக்குப் பெரும் கடன் வந்து சேர்ந்தது. அந்தக் கடனை அடைக்க, உடல்நலம் குன்றிய நிலையில் உலகத்தைச் சுற்றினார். அந்தப் பயணத்தில் நம் சென்னைக்கும் வந்து போனார்.

அவர்தான் மார்க் ட்வைன். 'டாம் சாயர்', 'ஹக்கிள்பெரி ஃபின்' ஆகிய கதைகளை எழுதி, உலகத்தைச் சிரிக்க வைத்தவர்.

ஆற்றங்கரைச் சிறுவன்

மார்க் ட்வைன் என்பது அவர் தாமே வைத்துக் கொண்ட பெயர். பெற்றோர் இட்ட பெயர் சாமுவேல் கிளமென்ஸ்.

1835-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி, மிசௌரி மாநிலத்தில் ஒரு சிற்றூரில் சாமுவேல் பிறந்தான். ஏழு குழந்தைகளில் அவன் ஆறாவது பிள்ளை. அந்த ஆண்டு வானத்தில் ஹாலி வால் நட்சத்திரம் தோன்றியிருந்தது.

அவனுக்கு நாலு வயது ஆகும் சமயத்தில், குடும்பம் ஹானிபல் என்ற ஊருக்குக் குடிபோயிற்று. அது மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள ஊர். கங்கையைப் போல் அகன்ற பெரிய ஆறு அது. நீராவிக் கப்பல்கள் புகை கக்கிக் கொண்டு வந்து கரையில் நிற்கும். ஊரே ஓடிப்போய் வேடிக்கை பார்க்கும்.

மிசௌரியில் அப்போது அடிமை முறை இருந்தது. நீக்ரோ மக்களை ஆடுமாடு போல் விலைக்கு வாங்கி விற்றார்கள். சாமுவேலின் வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள். அந்தக் காட்சிகள் சிறுவனின் மனதில் ஆழமாகப் பதிந்தன.

தந்தை வக்கீல் தொழில் பார்த்தவர். ஊர் நீதிபதியாகவும் இருந்தார். ஆனால் கையில் காசு தங்கவில்லை. 1847-ம் ஆண்டு அவர் நிமோனியாக் காய்ச்சலில் இறந்து போனார். சாமுவேலுக்கு அப்போது வயது 11.

குடும்பம் வறுமையில் தவித்தது. சிறுவனின் பள்ளிப் படிப்பும் விரைவில் நின்றது.

சாப்பாட்டுக்கு வேலை

1848-ம் ஆண்டு, உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றின் அச்சகத்தில் சாமுவேல் எடுபிடியாகச் சேர்ந்தான். சம்பளம் கிடையாது. சாப்பாடும் துணியும்தான் கூலி. துணியும் முதலாளி உடுத்திக் கழித்த பழைய துணி. அது சிறுவனுக்குத் தொளதொளவென்று இருந்தது.

அங்கே அவன் அச்சுக் கோர்க்கக் கற்றுக் கொண்டான்.

அந்தக் காலத்தில் அச்சுக் கோர்ப்பது கண்ணையும் முதுகையும் வாட்டும் வேலை. ஈயத்தில் வார்த்த எழுத்துக்கள் தனித்தனி அறைகளில் கிடக்கும். ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி எடுத்து வரிசையாக அடுக்க வேண்டும். அச்சடித்து முடிந்ததும் வேலை முடிந்து விடாது. அத்தனை எழுத்துக்களையும் பிரித்து, அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். கோர்ப்பது ஒரு வேலை. பிரிப்பது மற்றொரு வேலை.

நாள் முழுவதும் நின்றபடியே சாமுவேல் இதைச் செய்தான். பள்ளிக்கூடத்தில் படிக்காததை அச்சகத்தில் படித்தான். கையில் எடுத்த ஒவ்வொரு சொல்லும் அவன் மனதில் நின்றது.

பிறகு, அண்ணன் ஓரியன் தொடங்கிய பத்திரிகையில் வேலை பார்த்தான். வாரத்துக்கு மூன்றரை டாலர் தருவதாக அண்ணன் சொன்னார். ஆனால் கொடுக்க அவரிடம் பணம் இல்லை.

1853-ம் ஆண்டு, 17 வயதில் சாமுவேல் ஊரை விட்டுப் புறப்பட்டான். செயின்ட் லூயி, நியூயார்க், பிலடெல்பியா என்று நகரம் நகரமாகச் சென்று அச்சுக் கோர்த்தான். நியூயார்க்கில் அச்சுத் தொழிலாளர்களுக்கு இலவச நூலகம் இருந்தது. பகலில் வேலை, மாலையில் நூலகம் என்று நாட்கள் போயின.

ஆற்றைப் படித்தார்

21 வயதில், தென் அமெரிக்காவுக்குப் போய்ப் பெரும் பணம் சேர்க்க வேண்டும் என்ற ஆசை சாமுவேலுக்கு வந்தது. 1857-ம் ஆண்டு, நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்துக்குச் செல்லும் ஆற்றுக் கப்பலில் ஏறினார்.

அந்தக் கப்பலின் சுக்கானைப் பிடித்தவர் ஹொரேஸ் பிக்ஸ்பி. கப்பலுக்கு வழி காட்டும் அந்த வேலைக்குப் 'பைலட்' என்று பெயர். அவரைப் பார்த்ததும் சாமுவேலின் மனம் மாறிவிட்டது. தென் அமெரிக்கா மறந்து போயிற்று. சிறு வயதில் கரையில் நின்று கண்ட கனவு திரும்பி வந்தது.

தொழில் கற்றுக் கொடுக்க பிக்ஸ்பி 500 டாலர் கேட்டார். சாமுவேல் 100 டாலர் முன்பணம் கொடுத்தார். மீதியைச் சம்பாதித்துக் கொடுப்பதாகச் சொன்னார்.

செயின்ட் லூயிக்கும் நியூ ஆர்லியன்சுக்கும் இடையே ஆற்று வழி சுமார் 1,200 மைல். அவ்வளவு தூரத்திலும் எங்கே மணல் திட்டு, எங்கே மரக்கட்டை, எங்கே சுழல் என்று மனப்பாடமாகத் தெரிய வேண்டும். இருட்டிலும் தெரிய வேண்டும். படித்து முடித்தாலும் நிம்மதி கிடையாது. ஒரு வெள்ளம் வந்தால் ஆறு தன் பாதையையே மாற்றிக் கொள்ளும். மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும்.

இரண்டு ஆண்டுகள் சாமுவேல் ஆற்றைப் படித்தார். 1859-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அவருக்கு லைசென்சு கிடைத்தது. மாதம் 250 டாலர் சம்பளம். அந்த நாளில் அது பெரிய தொகை. குடும்பத்தின் கஷ்டம் தீர்ந்தது.

தம்பியின் மரணம்

ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு பெரும் துயரம் நடந்து விட்டது.

சாமுவேலுக்கு ஹென்றி என்று ஒரு தம்பி இருந்தான். அவனுக்குத் தம்முடைய கப்பலிலேயே ஒரு சிறு வேலை வாங்கிக் கொடுத்தார் சாமுவேல். கப்பலின் பெயர் 'பென்சில்வேனியா'. அதில் இருந்த ஒரு பைலட் முன்கோபக்காரர். ஒரு நாள் அவர் ஹென்றியை அடிக்கப் போனார். சாமுவேல் குறுக்கே பாய்ந்து அவரை அடித்து விட்டார். அதன் பிறகு இருவரும் ஒரே கப்பலில் இருக்க முடியவில்லை. சாமுவேல் இறங்கிக் கொண்டார். தம்பி மட்டும் அதே கப்பலில் பயணமானான்.

1858-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி, மெம்பிஸ் நகருக்கு அருகே அந்தக் கப்பலின் கொதிகலன்கள் வெடித்தன. ஹென்றி படுகாயம் அடைந்தான். பின்னால் வேறு கப்பலில் வந்த சாமுவேல், தம்பியின் படுக்கை அருகே இரவு பகலாக உட்கார்ந்திருந்தார். பயன் இல்லை. ஒரு வாரத்தில் ஹென்றி இறந்து போனான். வயது 19.

அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது தாம்தானே என்ற வேதனை சாமுவேலைச் சாகும் வரை விடவில்லை.

வெள்ளி ஆசை

1861-ம் ஆண்டு அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஆற்றில் கப்பல் போக்குவரத்து நின்றது. அருமையாகக் கற்ற தொழில் ஒரே நாளில் கைநழுவிப் போயிற்று.

சாமுவேல் நண்பர்களோடு தென் மாநிலங்களின் பக்கம் ஒரு சிறு படையில் சேர்ந்தார். இரண்டே வாரம்தான். மழையும் சேறும் பட்டினியும் போதும் போதும் என்று ஆக்கிவிட்டன. படையை விட்டு விலகினார்.

இந்தச் சமயத்தில் அண்ணன் ஓரியனுக்கு மேற்கே நெவாடா என்ற பிரதேசத்தில் அரசாங்கச் செயலாளர் பதவி கிடைத்தது. ஆனால் அங்கே போய்ச் சேர வண்டிச் சத்தம் கொடுக்க அவரிடம் பணம் இல்லை. கப்பலில் சம்பாதித்து வைத்திருந்த பணத்தைத் தம்பி கொடுத்தார். இருவரும் குதிரை வண்டியில் புறப்பட்டார்கள். சுமார் 1,700 மைல். ஏறத்தாழ இருபது நாள் பயணம்.

நெவாடா முழுவதும் வெள்ளிப் பித்துப் பிடித்து அலைந்தது. மலையைத் தோண்டினால் வெள்ளி, நாளைக்கே கோடீசுவரன் என்று எல்லாரும் நம்பினார்கள். சாமுவேலும் நம்பினார். கடப்பாரை எடுத்துத் தோண்டினார். சுரங்கப் பங்குகளை வாங்கினார். கைப்பணம் கரைந்ததுதான் மிச்சம்.

கடைசியில், வெள்ளிக் கல்லை இடித்துப் பொடியாக்கும் ஆலையில் கூலியாகச் சேர்ந்தார். வாரம் 10 டாலர். மண்வெட்டியால் அள்ளி அள்ளிக் கை காய்த்தது. ஒரு வாரத்தோடு அந்த வேலையும் போயிற்று.

திடீர்ப் பணக்காரன் ஆகும் ஆசை அவரை முதல் தடவையாகச் சுட்டது. ஆனால் அவர் பாடம் கற்கவில்லை என்பது பின்னால் தெரிய வந்தது.

புதிய பெயர்

சுரங்கத்தில் இருந்த நாட்களில், வேடிக்கையாகச் சில கடிதங்கள் எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பி வந்தார். வர்ஜீனியா நகரத்தில் வெளிவந்த பத்திரிகை அது. அதன் ஆசிரியர்களுக்கு எழுத்து பிடித்துவிட்டது. வாரம் 25 டாலர் சம்பளத்தில் நிருபராக வரச் சொன்னார்கள். 1862-ம் ஆண்டு அவர் அந்த வேலையில் சேர்ந்தார்.

1863-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி வெளிவந்த கட்டுரையில், முதல் முறையாக மார்க் ட்வைன் என்று கையெழுத்துப் போட்டார்.

அது கப்பல்காரர்களின் சொல். ஆற்றின் ஆழம் பார்க்கக் கயிற்றில் ஈயக் குண்டைக் கட்டி இறக்குவார்கள். ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வார்கள். இரண்டு பாகம் என்றால் 12 அடி. கப்பல் தரை தட்டாது என்று பொருள். கயிறு விடுகிறவன் அதை உரக்கக் கூவுவதுதான் மார்க் ட்வைன்.

கப்பல் வேலை போய்விட்டது. ஆனால் பெயராக அது கடைசி வரை கூடவே இருந்தது.

கலிபோர்னியாவில் ஒரு சுரங்க ஊரில் தங்கியிருந்தபோது, பந்தயத் தவளை ஒன்றைப் பற்றிய வேடிக்கைக் கதை அவர் காதில் விழுந்தது. அதைத் தம் பாணியில் எழுதினார். 1865-ம் ஆண்டு நியூயார்க் பத்திரிகையில் அது வெளிவந்தது. நாடெங்கும் மக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுரங்கம் வெள்ளி தரவில்லை, கதை தந்தது.

அடுத்த ஆண்டு, ஒரு பத்திரிகைக்காக ஹவாய்த் தீவுகளுக்குப் போய்ச் செய்தி எழுதினார். திரும்பி வந்ததும், தீவுகளைப் பற்றி மேடையில் பேசினால் என்ன என்று நண்பர்கள் கேட்டார்கள். 1866-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி சான்பிரான்சிஸ்கோவில் கூட்டம். டிக்கெட் ஒரு டாலர். யாரும் வரமாட்டார்கள் என்று அவருக்கு ஒரே நடுக்கம். சரியான இடத்தில் சிரித்து வைக்கும்படி சில நண்பர்களிடம் சொல்லி வைத்திருந்தார். ஆனால் மண்டபம் நிறைந்து விட்டது. அந்த இரவு அவருக்கு இன்னொரு தொழிலைக் கொடுத்தது. அந்தத் தொழில்தான் பின்னாளில் அவருடைய மானத்தைக் காப்பாற்றியது.

மாப்பிள்ளைக்கு நற்சாட்சி

1867-ம் ஆண்டு, ஐரோப்பாவுக்கும் பாலஸ்தீனத்துக்கும் சென்ற சுற்றுலாக் கப்பலில் நிருபராகப் போனார். கட்டணம் 1,250 டாலரைப் பத்திரிகையே கட்டியது. அந்தப் பயணத்தை வைத்து எழுதிய புத்தகம் 1869-ம் ஆண்டு வெளிவந்தது. ஓராண்டில் சுமார் 70 ஆயிரம் பிரதிகள் விற்றன.

அதே கப்பலில் ஒரு வாலிபன் வந்திருந்தான். தன் தமக்கை ஒலிவியாவின் சிறு ஓவியத்தை அவன் காட்டினான். அதைப் பார்த்த கணத்திலேயே மனதைப் பறிகொடுத்ததாக மார்க் ட்வைன் பின்னாளில் சொல்லி வந்தார்.

ஒலிவியாவின் தந்தை பெரிய நிலக்கரி வியாபாரி. எந்த வேலையிலும் நிலைக்காத ஒருவருக்குப் பெண் கொடுக்க அவர் தயங்கினார். தெரிந்தவர்கள் நாலு பேரிடம் நற்சாட்சிக் கடிதம் கேட்டார். வந்த கடிதங்கள் மாப்பிள்ளையைப் பற்றி நல்லபடியாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவருக்கு மார்க் ட்வைனைப் பிடித்துப் போயிற்று. பெண்ணைக் கொடுத்தார். 1870-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந் தேதி திருமணம் நடந்தது.

திருமணத்துக்கு முந்தின ஆண்டே, பபலோ நகரப் பத்திரிகை ஒன்றில் அவர் பங்கு வாங்கியிருந்தார். அதிலும் அவர் நீடிக்கவில்லை. 1871-ல் ஹார்ட்போர்ட் நகருக்குக் குடும்பம் மாறியது.

பழைய தொழில்கள் பணம் தந்தன

ஹார்ட்போர்டில் 25 அறைகள் கொண்ட வீடு கட்டினார். முதல் மகன் குழந்தையாக இருக்கும்போதே இறந்து போனான். பிறகு சூசி, கிளாரா, ஜீன் என்று மூன்று பெண்கள்.

இந்தக் காலத்தில்தான் மார்க் ட்வைனின் புகழ்பெற்ற புத்தகங்கள் பிறந்தன. அவர் பார்த்து விட்டுவிட்ட வேலைகள் ஒவ்வொன்றாகப் புத்தகம் ஆயின.

நெவாடாவின் சுரங்க வாழ்க்கை 1872-ல் ஒரு புத்தகம் ஆயிற்று. சிறு வயதுக் குறும்புகள் 1876-ல் 'டாம் சாயர்' ஆயின. 1882-ல் மறுபடி ஆற்றுக்குப் போனார். தமக்குத் தொழில் கற்றுக் கொடுத்த பிக்ஸ்பியின் கப்பலில் பயணம் செய்தார். அடுத்த ஆண்டு அவருடைய கப்பல் வாழ்க்கை புத்தகமாக வந்தது.

பிறகு 'ஹக்கிள்பெரி ஃபின்' வந்தது. வீட்டை விட்டு ஓடிய சிறுவனும், தப்பியோடிய நீக்ரோ அடிமை ஜிம்மும் தெப்பத்தில் ஆற்றோடு போகும் கதை. அடிமையும் மனிதன்தான் என்று அந்தச் சிறுவன் உணர்ந்து கொள்வதே கதையின் உயிர்.

அந்தக் கதையை அவரே வெளியிட்டார். 1884-ல் சொந்தமாகப் புத்தகக் கம்பெனி தொடங்கியிருந்தார். அடுத்து அவர் வெளியிட்டது முன்னாள் ஜனாதிபதி கிராண்டின் சுயசரிதை.

கிராண்ட் பெரிய தளபதி. ஆனால் ஒரு மோசடிப் பேர்வழியை நம்பிச் சொத்து முழுவதையும் இழந்து விட்டார். தொண்டையில் புற்றுநோய் வேறு. மனைவி மக்களுக்கு ஏதாவது வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று வலியோடு எழுதி முடித்தார். சில நாட்களில் கண்ணை மூடினார். அவர் மனைவிக்கு 1886-ல் மார்க் ட்வைனின் கம்பெனி கொடுத்த செக் ஒன்றின் தொகை மட்டும் 2 லட்சம் டாலர்!

தமக்கும் அதே நிலை வரும் என்று மார்க் ட்வைன் அப்போது நினைக்கவில்லை.

எந்திர மோகம்

மார்க் ட்வைனுக்குப் புதுமையான எந்திரங்கள் என்றால் உயிர். அவரே சிறு சிறு பொருள்களைக் கண்டுபிடித்து உரிமை பெற்றிருக்கிறார். அவற்றில் பசை தடவிய ஒட்டுப் புத்தகம் நன்றாக விற்றது.

1880-ல் ஜேம்ஸ் பெய்ஜ் என்பவரின் எந்திரம் பற்றி அவருக்குத் தெரிய வந்தது. அது அச்சுக் கோர்க்கும் எந்திரம். எழுத்தைத் தானே பொறுக்கும். தானே அடுக்கும். முடிந்ததும் தானே பிரித்து அதனதன் இடத்தில் போடும். பல ஆட்களின் வேலையை ஓர் ஆள் செய்யலாம்.

சிறு வயதில் கால் கடுக்க நின்று அச்சுக் கோர்த்தவர் அல்லவா? அந்தக் கஷ்டம் அவருக்குத் தெரியும். இந்த எந்திரத்தின் அருமை தம்மைப் போல் யாருக்கும் தெரியாது என்று நினைத்தார். பணத்தைக் கொட்டத் தொடங்கினார்.

எந்திரத்தில் சுமார் 18 ஆயிரம் உறுப்புகள் இருந்தன. மனிதனின் கை செய்வதை எல்லாம் அது அப்படியே செய்ய வேண்டும். ஓடும்போது அற்புதமாக ஓடும். அடிக்கடி நின்று விடும். பெய்ஜ் அதைப் பிரித்துப் போட்டுத் திருத்துவார். மறுபடி பணம் கேட்பார். மார்க் ட்வைன் கொடுப்பார். இப்படியே ஆண்டுக்கு ஆண்டு ஓடியது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அவர் அளக்காமல் போட்டார்.

இதற்குள் மெர்கெந்தாலர் என்பவர் வேறு வழியில் யோசித்தார். எழுத்தைப் பொறுக்கிப் பிரிக்கும் வேலையே வேண்டாம் என்று முடிவு செய்தார். சூடான ஈயத்தை ஊற்றி ஒரு வரி முழுவதையும் ஒரே துண்டாக வார்த்து விடும் எந்திரத்தைச் செய்தார். வேலை முடிந்ததும் ஈயத்தை உருக்கி விட்டால் போதும். அதுதான் லைனோடைப். 1886-ல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் அது ஓடத் தொடங்கியது. பின்னர் உலகமெங்கும் பரவியது.

பெய்ஜின் எந்திரம் 1894-ல் சிகாகோ பத்திரிகை ஒன்றில் சோதித்துப் பார்க்கப்பட்டது. அங்கும் அது பழுதாகிப் பழுதாகி நின்றது. கதை முடிந்தது. அந்த எந்திரம் ஒன்று ஹார்ட்போர்டில் அவர் வாழ்ந்த வீட்டில் காட்சிப் பொருளாக வைக்கப்பட்டிருக்கிறது.

வெள்ளிச் சுரங்கத்தில் 26 வயதில் செய்த தவறையே, அவர் 50 வயதில் பெரிய அளவில் செய்தார்.

திவால்

பட்ட காலிலே படும் என்பது போல், புத்தகக் கம்பெனியும் நஷ்டத்தில் ஓடியது. 1893-ல் நாட்டில் வியாபாரம் படுத்து விட்டது. 1894-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் கம்பெனி திவால் ஆயிற்று. கடன் சுமார் ஒரு லட்சம் டாலர்.

எண்ணெய்க் கம்பெனி முதலாளியான ஹென்றி ரோஜர்ஸ் என்ற நண்பர் கைகொடுத்தார். புத்தகங்களின் உரிமை கடன் கொடுத்தவர்களிடம் போய்விடாமல், ஒலிவியாவின் பெயருக்கு மாற்றி வைத்தார்.

திவால் ஆனவர் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு விலகிக் கொள்ளச் சட்டத்தில் இடம் இருந்தது. ஊரில் பலர் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் முழுக் கடனையும் தீர்த்தே ஆக வேண்டும் என்பதில் ஒலிவியா உறுதியாக இருந்தார். ரோஜர்சும் அதையே சொன்னார். மார்க் ட்வைன் சம்மதித்தார்.

பணம் எங்கிருந்து வரும்? பழைய மேடைத் தொழில்தான் கைகொடுக்க வேண்டும். அலைச்சல் காரணமாக அந்தத் தொழிலை அவர் வெறுத்து ஒதுக்கியிருந்தார். இப்போது வேறு வழி இல்லை.

அறுபதாம் வயதில்

1895-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி கிளீவ்லாந்து நகரத்தில் முதல் கூட்டம். உடலில் ராஜபிளவைக் கட்டி. அந்த வலியோடு மேடை ஏறிச் சிரிக்க வைத்தார். ஒலிவியாவும் நடுமகள் கிளாராவும் உடன் வந்தார்கள். மூத்த மகள் சூசியும், கடைசி மகள் ஜீனும் அமெரிக்காவில் தங்கினார்கள்.

ஆகஸ்டு மாதம் கப்பல் ஏறி ஆஸ்திரேலியா சென்றார்கள். பிறகு நியூசிலாந்து. நவம்பர் 30-ந் தேதி அவருக்கு 60 வயது நிறைந்தது. நம் நாட்டில் பிள்ளைகள் கூடி மணிவிழா நடத்தும் நாள் அது. அவருக்கோ அந்த நாளும் கூட்டம் பேசும் பயணத்துக்கு நடுவே கழிந்தது.

1896-ம் ஆண்டு ஜனவரியில் கொழும்புக்கு வந்தார். அங்கிருந்து பம்பாய். இரண்டு மாதத்துக்கு மேல் இந்தியாவில் சுற்றினார். அலகாபாத், காசி, கல்கத்தா, டார்ஜிலிங், லக்னோ, ஆக்ரா, டில்லி, லாகூர் என்று பல ஊர்கள். இருமல் விடாமல் வாட்டியது. ஆனாலும் எதையும் பார்க்காமல் விடவில்லை. ரயில் பயணம், காசியின் படித்துறை, இமயமலை எல்லாம் அவர் நோட்டுப் புத்தகத்தில் ஏறின.

மார்ச் மாதக் கடைசியில் கல்கத்தாவில் கப்பல் ஏறினார். வழியில் கப்பல் சென்னையில் ஒரு நாள் நின்றது. பிறகு மறுபடி இலங்கை. அங்கிருந்து மொரீஷியஸ், தென் ஆப்பிரிக்கா. 1896-ம் ஆண்டு ஜூலையில் பயணம் முடிந்தது. ஓராண்டில் நூற்றுக்கும் அதிகமான கூட்டங்கள்.

சிரிப்புக்குப் பின்னால்

பயணம் முடிந்து, பிரிந்திருந்த மகள்களைச் சந்திக்கும் நாளை எண்ணியபடி இங்கிலாந்துக்கு வந்தார்கள். அங்கே ஒரு செய்தி காத்திருந்தது. சூசிக்கு உடல்நலம் இல்லை!

ஒலிவியாவும் கிளாராவும் உடனே அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். அவர்கள் நடுக்கடலில் இருந்தபோதே, ஆகஸ்டு 18-ந் தேதி சூசி இறந்து விட்டாள். மூளைக் காய்ச்சல். வயது 24. இங்கிலாந்தில் தனியாக இருந்த தந்தைக்குத் தந்தி வந்தது.

கடனுக்காகப் பிரிந்த மகளை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

அந்தத் துயரத்தோடு எழுத உட்கார்ந்தார். உலகப் பயணத்தைப் பற்றிய புத்தகம் 1897-ல் வெளிவந்தது. அதில் ஒரு பெரிய பகுதி இந்தியாவைப் பற்றியது. கூட்டங்களில் கிடைத்த பணமும் புத்தகப் பணமும் சேர்ந்தன. 1898-ம் ஆண்டுத் தொடக்கத்தில், கடைசி டாலர் வரை கடன் தீர்ந்தது.

1900-ல் அவர் அமெரிக்கா திரும்பியபோது, போரில் வென்ற தளபதியைப் போல் மக்கள் வரவேற்றார்கள். கதை எழுதியவர் என்பதற்காக மட்டும் அல்ல. கடனை முழுவதும் அடைத்தவர் என்பதற்காகவும்தான்.

கடைசி நாட்கள்

அதற்குப் பிறகும் பண ஆசை அவரை முழுவதும் விடவில்லை. பாலில் செய்யும் ஒரு சத்துமாவுக் கம்பெனியில் பணம் போட்டு நஷ்டப்பட்டார். மனிதனின் பலவீனம் எளிதில் போவதில்லை.

1904-ல் ஒலிவியா இறந்தார். பள்ளிப் படிப்பை முடிக்காத அவருக்கு, 1907-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கியது. 1909-ல் கடைசி மகள் ஜீனும் போய்விட்டாள். கிளாரா மட்டுமே எஞ்சினார்.

1910-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி, 74 வயதில் மார்க் ட்வைன் காலமானார். அவர் பிறந்தபோது வந்த ஹாலி வால் நட்சத்திரம் மறுபடி வானில் தோன்றியிருந்தது.

பத்துத் தொழிலில் பல பாதியில் நின்று போயின. சில அவரை ஏமாற்றின. ஆனால் கப்பல் வேலை பெயரையும் புத்தகத்தையும் கொடுத்தது. வெள்ளி கிடைக்காத சுரங்கம் கதை கொடுத்தது. வேண்டாம் என்று விட்ட மேடைப் பேச்சு, தள்ளாத வயதில் கடனை அடைத்தது. நேர்மையாக உழைத்துக் கற்றுக் கொண்ட தொழில் எதுவும் அவரைக் கைவிடவில்லை. உழைக்காமல் வந்து சேரும் என்று நம்பிய பணம்தான் ஒவ்வொரு தடவையும் கைவிட்டது.